'நம்ம பாடிக்கு அதெல்லாம் வராதுண்ணா!'

காட்டுப்பள்ளி துறைமுகம் போகிற வழியில், கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கிற இடம். டீக்கடைச் சுவரில் எய்ட்ஸ் விழிப்புணர்வு போஸ்டர். அதைப் பார்த்துவிட்டு ஒரு இளைஞர் என்னிடம் சொன்னார்: "நம்ம பாடிக்கு அதெல்லாம் வராதுண்ணா. சில பேருக்கு ஒடம்புவாகே அப்டி!"

சிரிக்காதீர்கள். சொன்னதில் பாதி நிஜம். மீதிப் பாதிதான் ஆளைக் கவிழ்த்துவிடும்!

எச்.ஐ.வி. வைரஸ் நம் ரத்த வெள்ளணுவுக்குள் நுழைய இரண்டு பூட்டுகளைத் திறந்தாக வேண்டும். முதலாவது சி.டி.4. இரண்டாவது, பெரும்பாலும் சி.சி.ஆர்.5. இந்த இரண்டாவது பூட்டுக்கான ஜீனில் 32 எழுத்துகள் விட்டுப்போன ஆசாமிகள் உலகத்தில் உண்டு. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் அப்படியே வந்திருந்தால், அணுவின் மேல் அந்தப் பூட்டே இருக்காது. சாவியும் கையுமாக வைரஸ் வெளியே நிற்க வேண்டியதுதான்! 1996-ல் தெரியவந்த சமாசாரம் இது.

பெர்லினில் டிமோதி பிரவுன் என்ற அமெரிக்கருக்கு எச்.ஐ.வி.யோடு ரத்தப் புற்றுநோயும் இருந்தது. 2007-ல், இப்படிப் பூட்டில்லாத ஒருவரின் ஸ்டெம் செல்களை டாக்டர்கள் அவருக்கு ஏற்றினார்கள். எச்.ஐ.வி. போயே போய்விட்டது. 2020-ல் அவர் இறந்தது புற்றுநோய் திரும்பியதால்.

"அப்ப எனக்கும் அந்த ஜீன் இருக்கலாமே ஸார்?"

பி.காம். மூளை உடனே கணக்குப் பார்த்தது. ஐரோப்பிய வம்சாவளியில் இரண்டு பிரதிகளும் உள்ளவர் சுமார் நூற்றுக்கு ஒருவர். இந்தியாவில் ஒரு பிரதியே அபூர்வம். நம் பேரேட்டில் அந்த வரவு கிட்டத்தட்ட பூஜ்யம்! ஒரு பிரதி மட்டும் இருந்தால் வைரஸ் வராமல் போகாது. நோய் முற்றுவது கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். இரண்டும் இருந்தாலும், வேறு பூட்டைத் திறக்கிற எச்.ஐ.வி. வகை உண்டு.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே நம்ம சென்னையில்தான். 1986-ல் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி நிர்மலா ரத்த மாதிரிகளைச் சேகரித்து, வேலூர் சி.எம்.சி.யில் சோதித்துப் பார்த்தார். அன்று தொற்று இருந்தவர்களை ஊர் ஏதோ வேற்று ஜாதி மாதிரி பார்த்தது. உண்மையில் அவர்கள் அணுக்களில் இருந்தது உங்களிடமும் என்னிடமும் இருக்கிற அதே பூட்டுதான். இதில் கேவலப்பட என்ன இருக்கிறது?

ஜீன் கைகொடுக்காவிட்டால் என்ன, ஆணுறை கைகொடுக்கும். சந்தேகம் இருந்தால் அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் இலவசப் பரிசோதனை. கூச்சமாக இருந்தால் முதலில் 1097-க்கு போன் போடுங்கள். தொற்று இருந்தால் மாத்திரையும் 2004 முதல் இலவசம். விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் தெரியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், உறவின் மூலம் துணைக்குத் தொற்றாது. கல்யாணம், குழந்தை எல்லாம் உண்டு.

உடம்புவாகை நம்பாதீர்கள் ஸார். ரிப்போர்ட்டை நம்புங்கள்!