வீடு ஒன்று, அடுப்பு இரண்டு: பயன்பாட்டுச் சமூகவியல் படிக்கப் போகிறவர்களுக்கு

கையில் வினாப்படிவத்தோடு ஒரு மாணவி கிராமத்துத் திண்ணையில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். “பாட்டி, உங்க வீட்டுல மொத்தம் எத்தனை பேரு?” என்று கேட்கிறாள். படிவத்திலேயே எளிய கேள்வி இதுதான். பாட்டி கொஞ்சம் யோசிக்கிறார். “வீடு ஒண்ணுதான் கண்ணு, அடுப்பு ரெண்டு. மவன் குடும்பம் முன்பக்கம். நான் பின்னால தனியாப் பொங்கித் திங்கிறேன்.”

கட்டத்தில் என்ன எழுதுவது? மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் கேட்டால், ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள்தான் ஒரு குடும்பம். எனவே இங்கே இருப்பவை இரண்டு. ரேஷன் அட்டையில் பாட்டியின் பெயர் மகனோடு இருந்தால், ஒன்றுதான். 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம், ஒரு குடும்ப அட்டைக்கு ஒரு பெண் என்ற விதியோடு வந்தது. அட்டைக்குத் தலைவர் மகன் என்றால், மாதம் 1,000 ரூபாய் அவர் மனைவிக்குப் போகும். தனி உலை வைக்கும் பாட்டிக்கு வராது.

‘குடும்பம் என்றால் என்ன’ என்பது சமூகவியல் வகுப்பில் தொடக்கத்திலேயே வரும் பாடம். ஒரு வீட்டில் சேர்ந்து வாழ்வதும் ஒரு குடும்பமாக இருப்பதும் வேறு வேறு என்று காட்டுவதற்காகவே ஏ.எம். ஷா 1973-ல் ஒரு நூல் எழுதினார். தேர்வுக்காக அதைப் படிக்கும்போது, சொல்லுக்குச் சொல் பொருள் பிரிக்கும் வேலையாகத் தோன்றும். திண்ணையில் அது ஒருவருடைய மாதச் செலவாகிவிடுகிறது. பாடத்தின் கருத்து இப்படி ஒரு முடிவைத் தொடும் இடத்தைத்தான் பயன்பாட்டுச் சமூகவியல் என்கிறோம். அமெரிக்கரான லெஸ்டர் வார்டு 1906-ல் இதே பெயரில் நூல் எழுதினார். பெயருக்கே நூறு வயது தாண்டிவிட்டது.

பலர் இதைச் சமூகப் பணிப் படிப்போடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். சமூகப் பணி படித்தவர், அந்தப் பாட்டிக்கு வேறு ஏதாவது உதவித்தொகை வாங்கித்தர வழி தேடுவார். சமூகவியல் படித்தவர், அப்படி எத்தனை பாட்டிகள் விடுபட்டார்கள், விதியின் எந்த வரி அவர்களை வெளியே நிறுத்தியது என்று தேடுவார். இரண்டும் வேண்டியவைதான். எது உங்களுக்கு ஏற்றது என்பதை விண்ணப்பம் போடுவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

இந்தத் துறை நம் மண்ணில் பழையது. ஸ்காட்லாந்துக்காரரான பேட்ரிக் கெட்டிஸ், சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்டின் அழைப்பில் இங்கே வந்து, 1915-ல் மாகாணத்தின் நகரங்களைப் பற்றி அறிக்கைகள் எழுதினார். நெரிசலான தெருக்களை இடித்து நேர்க்கோட்டில் சாலை போடும் திட்டங்களை அவர் ஏற்கவில்லை. தெருத்தெருவாக நடந்து பார்த்து, இடிந்து கிடக்கும் ஒன்றிரண்டு கட்டடங்களை மட்டும் எடுத்துவிட்டால் காற்றும் வெளிச்சமும் வரும், மற்ற வீடுகளைத் தொடவேண்டாம் என்றார். தஞ்சாவூருக்கு அவர் சொன்ன யோசனை, நகரமைப்புப் படிப்பில் இன்றும் எடுத்துக்காட்டாக வருகிறது. அதே கெட்டிஸ்தான் 1919-ல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் சமூகவியல் துறைக்கு முதல் பேராசிரியரானார்.

அதே காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார். அவர்கள் கணக்கெடுத்த ஊர்களுள் ஒன்று, இன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் இருவேல்பட்டு. 1916-ல் எடுத்த அந்தக் கணக்கு அதோடு நின்றுவிடவில்லை. 1930-களில் பி.ஜே. தாமசும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊரை மறுபடி ஆய்ந்தார்கள். 1980-களின் தொடக்கத்தில் எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும். 2008-ல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ். பெருநிலக்காரர்களின் பிடி தளர்ந்ததும், கூலிக்காரர்கள் ஊருக்கு வெளியே வேலை தேடிக்கொண்டதும், தலித் மக்கள் நிலக்காரரை நம்பியிருக்கும் நிலை குறைந்ததும் இந்த ஆய்வுகளை வரிசையாக வைத்துப் படித்தால்தான் தெரிகின்றன. ஒரே ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தவருக்கு இது எட்டாது. அந்த ஆய்வாளர்களுள் ஜெயரஞ்சன் 2021-ல் மாநிலத்தின் திட்டமிடும் குழுவுக்குத் துணைத் தலைவராக நியமிக்கப்பட்டார். ஊர்க்கணக்கு எடுத்த அனுபவம் அரசின் மேசைவரை போக முடியும் என்பதற்கு இதைவிட அருகில் உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

படித்தபின் வேலை எங்கே என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அரசுத் திட்டங்களின் மதிப்பீடு, ஊரக வேலைத் திட்டத்தின் சமூகத் தணிக்கை, சுகாதாரக் கணக்கெடுப்புகள், தொண்டு நிறுவனங்கள், கம்பெனிகளின் சமூகப் பொறுப்புப் பிரிவு என்று இடங்கள் உண்டு. தொடக்கத்தில் பல வேலைகள் ஒப்பந்த வேலைகள். அந்த ஆய்வு முடிந்தால் சம்பளமும் நிற்கும். இதை மறைத்துப் பிள்ளைகளைச் சேரச் சொல்வது தவறு.

ஓர் இடத்தை மட்டும் விரித்துச் சொல்கிறேன். 2013-ன் நிலமெடுப்புச் சட்டம், நிலத்தை எடுக்கும் முன் சமூகத் தாக்க மதிப்பீடு செய்யவேண்டும் என்கிறது. ஆறு மாதத்துக்குள் அதை முடிக்கவேண்டும். ஊர் மக்களைக் கூட்டிக் கருத்தும் கேட்கவேண்டும். அந்த அறிக்கையைச் சீர்தூக்கும் வல்லுநர் குழுவில், அரசு சாராத சமூக அறிவியலாளர் இருவர் இருந்தாகவேண்டும் என்று சட்டமே எழுதிவைத்திருக்கிறது. ‘பாதிக்கப்படும் குடும்பம்’ என்பதற்கு அது தரும் விளக்கம் இன்னும் முக்கியமானது. மூன்று ஆண்டுகளாக அந்த நிலத்தை நம்பிப் பிழைக்கும் விவசாயக் கூலி, குத்தகைக்காரர், கைவினைஞர் எல்லோரும் அதில் அடங்குவார்கள். பட்டாவில் இவர்கள் பெயர் இருக்காது. நடந்து போய்க் கேட்கிறவர்தான் இவர்களைக் கண்டுபிடிக்க முடியும். தமிழ்நாடு தன்னுடைய மூன்று சட்டங்களுக்கு இந்த மதிப்பீட்டிலிருந்து விலக்கு வாங்கியிருக்கிறது. தொழில் வளாகங்களும் மாநில நெடுஞ்சாலைகளும் அந்த விலக்கில் வருகின்றன. இது எனக்கு வருத்தம் தருகிறது. படிக்கப் போகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

எங்கே படிப்பது? முதுகலை இரண்டு ஆண்டு. பல இடங்களில் எந்த இளங்கலைப் பட்டமும் போதும். மத்தியப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் க்யூட் பி.ஜி. நுழைவுத்தேர்வு வழியாகச் சேர்க்கின்றன. 1936-ல் தொடங்கிய மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்துக்கும் அதே வழிதான். ஆராய்ச்சிக்குப் போக விரும்புகிறவர் கவனிக்கவேண்டியது: எம்.ஃபில். படிப்பை 2022-ன் விதிமுறைகள் நிறுத்திவிட்டன. முதுகலைக்குப் பின் நேராக முனைவர் பட்டம்தான். நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேறினால், மாதம் 37,000 ரூபாய்.

பட்டத்தின் பெயரில் ‘பயன்பாட்டு’ என்ற சொல் இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, மாணவரை எத்தனை நாள் களத்துக்கு அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். கேள்வி கேட்கும் கலை வகுப்பறையில் வராது. “வேலைக்குப் போறீங்களா?” என்று ஒரு பெண்ணிடம் கேட்டால், “இல்லப்பா, வீட்டுலதான் சும்மா இருக்கேன்” என்பார். விடியலில் பால் கறந்து, பகலில் ஆடு மேய்த்து, பொழுது சாய விறகு கட்டி வந்தவர் சொல்லும் பதில் அது. “காலையில எந்திரிச்சதுலருந்து என்னென்ன செஞ்சீங்க, சொல்லுங்கக்கா” என்று மாற்றிக் கேட்டால் வேறு கணக்கு வரும். 2019-ல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் இப்படி நேரத்தை அளந்தது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்வோரில் பெண்கள் நாளுக்கு 299 நிமிடமும், ஆண்கள் 97 நிமிடமும் அதற்குச் செலவிடுவதாகத் தெரிந்தது.

தமிழ்வழியில் படித்து வருகிறவர்கள் பாடநூல்களின் ஆங்கிலத்தைக் கண்டு தயங்குவார்கள். அந்தச் சிரமம் உண்மை. முதல் பருவம் கடினமாகவே போகும். ஆனால் அந்த ‘சும்மா’வுக்குள் என்ன இருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் உடனே பிடிபடும். புள்ளியியல் மென்பொருளை மூன்று மாதத்தில் பழகிக்கொள்ளலாம், இதை அப்படிப் பழக முடியாது.

சேரும் முன் துறையின் நூலகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். போன ஆண்டு மாணவர்கள் எழுதிய ஆய்வேடுகளை எடுத்துப் புரட்டுங்கள். எந்த ஊர், எத்தனை நாள், யாரிடம் பேசினார்கள் என்று பாருங்கள். பேச்சுக் கொடுத்த ஊருக்கு அதன் பிரதி ஒன்று போய்ச் சேர்ந்ததா என்று பேராசிரியரிடம் கேளுங்கள்.