கட்டுச்சோற்றோடு மேலேறும் முட்டை

ஆர்க்டிக் கடல் பனி மூடிக் கிடக்கும் குளிர்காலத்தில் அங்குள்ள மிதவையுயிரிகள் என்ன ஆகும் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பல இனங்கள் கீழே இறங்கிவிடுகின்றன. அவற்றில் ஒன்று, இறங்கிய இடத்திலேயே, கும்மிருட்டில், வெறும் வயிற்றோடு முட்டையிடுகிறது.

கலானஸ் ஹைப்பர்போரியஸ். இறாலுக்குத் தூரத்து உறவு, நீளம் சில மில்லிமீட்டர்தான். கோடையில் மேற்பரப்புப் பாசியை மேய்ந்து, மெழுகு போன்ற எண்ணெயாக்கி உடம்புக்குள் ஒரு நீண்ட பையில் சேர்த்துக்கொள்ளும். நன்கு கொழுத்த பெண்ணின் உலர் எடையில் பாதிக்கு மேல் கொழுப்பு. பிறகு கிரீன்லாந்துக் கடலில் 500 மீட்டருக்கும் கீழே, சில இடங்களில் 1,000 மீட்டரையும் தாண்டிப் போய்விடும்.

இந்த இனத்தை 1838இல் விவரித்தவர் டென்மார்க்கின் விலங்கியலாளர் க்ரோயர். நார்வே ஆய்வாளர் நான்சனின் ‘ஃப்ராம்’ கப்பல் 1893 முதல் 1896 வரை ஆர்க்டிக் பனியோடு மிதந்தபோதும் இது வலையில் சிக்கியது. வரலாறு இவ்வளவு போதும், முட்டைக்கு வருவோம்.

குளிர்காலத்தின் நடுவே தாய் இடும் முட்டையிலும் கொழுப்பு நிறைந்திருக்கிறது. கொழுப்பு நீரைவிட இலேசானது. எனவே முட்டை தானாகவே மேலே எழும்பும். ஊருக்குப் புறப்படும் பிள்ளைக்கு அம்மா கட்டித்தரும் கட்டுச்சோறு இது. ஆனால் இங்கே கட்டுச்சோறே வண்டியையும் இழுக்கிறது! வழியில் பொரியும் குஞ்சுக்கு முதல் இரண்டு பருவங்களில் இரை தேவையில்லை. பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுகொண்டே மேலேறும். மூன்றாம் பருவத்தில்தான் மேயத் தொடங்கும். அப்போது வெளிச்சம் திரும்பி, மேலே பாசி முளைக்க ஆரம்பித்திருக்கும். போய்ச் சேரும் ஊரில் சாப்பாடு தயாராகும் நேரம் பார்த்துத்தான் பொட்டலத்தின் அளவே அமைந்திருக்கிறது.

கொழுப்போடு ஆழத்துக்கு இறங்கும் இவ்வினங்கள் கரியைப் புதைத்துப் புவிவெப்பத்தைத் தடுக்கும் என்ற தலைப்புகளை நான் அப்படியே நம்பமாட்டேன். ஆழத்தில் மூச்சாக வெளியேறும் கரியும், அங்கேயே இறப்பவற்றின் கரியும் நெடுங்காலம் கீழே தங்கும் என்பது மெய். ஆனால் முட்டைகளில் ஏறிய பங்கு வசந்தத்திலேயே மேலே திரும்பிவிடுகிறது. அதைக் கழிக்காமல் போடும் கணக்கு கணக்கல்ல.

எனக்குப் பெரிய கவலை வேறு. தெற்கிலிருந்து வரும் சிறிய உறவினம் கலானஸ் ஃபின்மார்க்கிக்கஸ் முட்டையிட அன்றாட இரையையே பெரிதும் நம்பியிருக்கிறது. அதன் உடம்பில் சேரும் கொழுப்பும் மிகக் குறைவு. கடல் சூடேறச் சூடேற அது வடக்கே பரவுகிறது. ஸ்வால்பார்டில் குஞ்சு வளர்க்கும் சிறிய ஆக் பறவை, ஒவ்வொரு நடைக்கும் தொண்டைப்பை நிறையப் பெரும்பாலும் கொழுத்த ஆர்க்டிக் கலானஸ் இனங்களைத்தான் சுமந்துவருகிறது. சிறிய இனம் பெருகினால், அதே கொழுப்பைச் சேர்க்கப் பலமடங்கு உயிர்களைப் பிடித்தாக வேண்டும்.