சனத்தொகை மாற்றம்: பாடப் புத்தகத்திலும் எங்கள் லயத்திலும்

ஓர் ஊரின் சனத்தொகை கூடுவதற்கும் குறைவதற்கும் நான்கு வழிகள் உண்டு என்று புவியியல் பாடம் சொல்கிறது. பிள்ளை பிறக்கலாம். ஆள் இறக்கலாம். வெளியிலிருந்து ஒருவர் வந்து குடியேறலாம். இருந்தவர் ஒருவர் வெளியேறலாம். பழைய தொகையோடு பிறப்பைக் கூட்டி, இறப்பைக் கழித்து, வந்தவர்களைக் கூட்டி, போனவர்களைக் கழித்தால் புதிய தொகை கிடைக்கும். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். பொல்பிட்டியவுக்கு மேலே ஒரு தோட்டத்துப் பிள்ளையாக இதைப் படித்தபோது, ஐந்தாவது வழி ஒன்றும் இருப்பதை நான் கண்டுகொண்டேன். முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் புதிய குடியேற்றங்களிலும் வாழும் விவசாயக் குடும்பங்களுக்கு அது தெரிந்திருப்பது நல்லது.

பொல்பிட்டிய என்றதும் பலருக்கு மின்நிலையம்தான் நினைவுக்கு வரும். மஸ்கெலியா ஓயாவின் தண்ணீர் மவுசாக்கலையில் தேங்கி, கனியன், லக்சபான வழியாக இறங்கி, கடைசியில் பொல்பிட்டியவில் சுழலியைச் சுற்றிவிட்டுக் களனி கங்கையோடு சேர்கிறது. மின்கம்பிகள் எங்கள் லயத்தின் தலைக்கு மேலாகவே கொழும்புக்குப் போயின. காம்பராவுக்குள் நாங்கள் குப்பி விளக்கில் படித்தோம். இந்தத் தண்ணீருக்கும் ஒரு இடப்பெயர்வுக் கதை உண்டு. பழைய மஸ்கெலியா நகரம் 1960களின் இறுதியில் மவுசாக்கலை நீருக்குள் போனது. கடும் வரட்சிக் காலங்களில் அந்தப் பழைய நகரத்தின் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் இன்றும் தலைகாட்டும். பள்ளிக்கூடத்தில் முதலில் படிப்பித்தது இதையல்ல, மலேரியாவை.

அந்தப் பாடம் உண்மையிலேயே நல்ல பாடம். இலங்கையில் 1946 இல் ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 20 பேர் இறந்தார்கள். 1947 இல் அது 14 ஆகக் குறைந்தது. நுளம்பை ஒழிக்க டி.டி.டி. தெளித்ததும், சுகாதார வசதிகளும் உணவு நிலையும் மேம்பட்டதும் காரணங்கள். இறப்பு சட்டென்று விழுந்தது, பிறப்பு அப்படியே நின்றது. அதனால் 1946 இல் 66 இலட்சமாக இருந்த நாட்டின் சனத்தொகை 1971 இல் 1 கோடியே 27 இலட்சமாயிற்று. கால் நூற்றாண்டில் ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆசிரியர் கரும்பலகையில் இரண்டு கோடுகள் கீறி, ஒன்று இறங்குவதையும் மற்றது மேலேயே நிற்பதையும் காட்டினார். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் இயற்கை அதிகரிப்பு என்றார். அதை நான் மறக்கவில்லை.

அடுத்த வாரம் இன்னோர் அட்டவணையை எழுதினார். அது குடிசன மதிப்பில் இனவாரியாக வந்த தொகைகள். "இந்தியத் தமிழர்" என்ற நிரலில் 1971 இல் 11,74,606, 1981 இல் 8,18,656 என்று இருந்தது. கழித்துப் பார்க்கச் சொன்னார். 3,55,950 பேர் குறைவு. அதே பத்தாண்டில் முழு நாட்டின் சனத்தொகை நூற்றுக்குப் பதினேழு கூடியிருந்தது.

"ஏன் குறைந்தது?" என்று கேட்டார் சேர். பின் வாங்கிலிருந்து ஒருவன் குடும்பக் கட்டுப்பாடு என்றான். வகுப்பில் எல்லோரும் தலையாட்டினோம். சத்திரசிகிச்சை செய்துகொண்டால் பணம் கொடுத்த காலம் அது, எங்கள் தாய்மாரில் பலர் செய்துகொண்டிருந்தார்கள். இன்னொருத்தி பஞ்சம் என்றாள். அதுவும் பொய்யல்ல. 1973, 1974 ஆம் ஆண்டுகளில் மாவும் அரிசியும் கிடைக்காமல் தோட்டங்களில் சாவு கூடியது. ஆனால் ஆசிரியர் இரண்டையும் ஏற்கவில்லை. பிறப்புக் குறைந்தால் வளர்ச்சி மெதுவாகும், உள்ள ஆள் மறையமாட்டான் என்றார். பஞ்சத்தில் இறந்தவர்களைக் கூட்டினாலும் மூன்றரை இலட்சம் வராது என்றார். பிறகு எங்களுக்கு ஒரு வேலை தந்தார். ஒவ்வொருவரும் தங்கள் லயத்துக்குப் போய், 1971 இல் எந்தக் காம்பராவில் யார் இருந்தார்கள், இப்போது அவர்கள் எங்கே என்று கேட்டு எழுதிவர வேண்டும்.

எங்கள் லயத்தில் பத்துக் காம்பரா. அப்பாயி வாசலில் உட்கார்ந்தபடியே பத்தையும் ஒப்புவித்தார். முதல் காம்பராக் குடும்பம் பாஸ்போட் கிடைத்து இந்தியா போனது. மூன்றாவதும் நான்காவதும் அப்படியே. ஆறாவது குடும்பம் 1977 கலவரத்துக்குப் பின் வவுனியாப் பக்கம் காடு வெட்டி விவசாயம் செய்யப் போனது. எட்டாவதில் கிழவனும் கிழவியும் செத்தார்கள், மகன் கொழும்பில் கடைக்கு வேலைக்குப் போனான். என் கொப்பியில் "இறப்பு" என்று எழுதிய இடம் இரண்டு. "போனார்கள்" என்று எழுதிய இடந்தான் நிறைய.

இந்தியாவுக்குப் போனது எப்படி என்பதை இளையவர்களுக்காகச் சற்று விரித்துச் சொல்கிறேன். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவர்களானார்கள். 1964 ஒக்டோபர் 30 இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் அவர்களை 9,75,000 பேர் என்று கணக்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்பது முடிவு. 1974 இல் இந்திரா காந்தியோடு பேசி அந்த மிச்சத்தையும் ஆளுக்கு 75,000 என்று பங்கிட்டார்கள். ஆட்டுப்பட்டியைப் பங்கிடுவதுபோல என்று அப்பாயி சொல்வார். தலைமன்னாரிலிருந்து கப்பல், இராமேஸ்வரம், மண்டபம் முகாம், பிறகு நீலகிரி, கொடைக்கானல் என்று போனார்கள். 1984 இல் கப்பல் நிற்கும்வரை, பிறந்த பிள்ளைகளையும் சேர்த்து, நாலரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் போய்விட்டார்கள். அரசாங்கக் கடிதங்களில் அவர்களுக்குத் "தாயகம் திரும்பியோர்" என்று பெயர். அவர்களில் பெரும்பாலோர் அந்தத் தாயகத்தை அதற்கு முன் கண்ணால் கண்டதில்லை.

இத்தோடு கணக்கு முடிந்தது என்று நினைத்தேன். ஆசிரியர் பக்கத்து நிரலையும் பார்க்கச் சொன்னார். "இலங்கைத் தமிழர்" 1971 இல் 14 இலட்சத்து 24 ஆயிரம், 1981 இல் 18 இலட்சத்து 87 ஆயிரம். நூற்றுக்கு முப்பத்திரண்டுக்கு மேல் அதிகரிப்பு. நாடு பதினேழு வளர்ந்தபோது ஒரு பகுதியினர் மட்டும் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் பிள்ளை பெற்றார்களா? இல்லை. "இந்தியத் தமிழர்" என்று முன்பு எழுதியவர்களில் ஒரு தொகையினர் இம்முறை "இலங்கைத் தமிழர்" என்று எழுதியிருக்கிறார்கள். நான் சொன்ன ஐந்தாவது வழி இதுதான். ஆள் சாகவும் இல்லை, கப்பல் ஏறவும் இல்லை. நிரல் மாறினார்.

இப்படி மாறியதற்காக யாரையும் நான் குறைகூற மாட்டேன். "இந்திய" என்று எழுதினால் என்றாவது அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் நியாயமான பயம். வடக்கே போய்க் காணி திருத்தியவர்களுக்கு அக்கம்பக்கத்தோடு ஒன்றாகிவிட வேண்டும் என்ற எண்ணமும் இருந்தது. அந்த நிரலே ஆதியில் இருந்ததல்ல. 1871 இல் முதல் குடிசன மதிப்பு நடந்தபோது தமிழர் ஒரே தொகை. 1911 இல்தான் இரண்டாகப் பிரித்து எழுதத் தொடங்கினார்கள். எங்கள் வீட்டுக் கதையையே பாருங்கள். அப்பா பொல்பிட்டியவில் இருந்தார், இந்தியத் தமிழர். பெரியப்பா கிளிநொச்சியில் வயல் செய்தார், இலங்கைத் தமிழர். சித்தப்பா கோத்தகிரியில் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்துக் கணக்கு எழுதினார், அவர் இந்தியர். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் மூவர், மூன்று அட்டவணை.

இது வெறும் பாட விஷயமாக இருந்தால் ஒரு காலாண்டிதழின் பக்கங்களை நான் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. எண்ணிக்கையை வைத்துத்தான் தேர்தல் தொகுதி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, காணி எல்லாம் பங்கிடப்படுகின்றன. பழைய அனுபவம் ஒன்று இதற்குச் சாட்சி. வாக்குரிமை போன பிறகும் தொகுதிகளைப் பிரித்தபோது மலைநாட்டில் எங்கள் தலைகளையும் எண்ணினார்கள். எங்கள் எண்ணிக்கையால் கூடிய ஆசனங்களுக்கு எங்களால் வாக்களிக்க முடியவில்லை. அதேபோல வன்னியில் குடியேறிய மலையகத்தவர் எத்தனை பேர் என்பது அட்டவணையில் சரியாக இல்லை. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் "இந்தியத் தமிழர்" நிரல் மிகச் சிறியது. ஆனால் அங்கே எத்தனை கிராமங்கள் மலையகத்தாரால் ஆனவை என்பது நம் வாசகர்களுக்குத் தெரியும். காணி உறுதி இல்லாதவர் யார், இரண்டாம் மூன்றாம் முறை இடம்பெயர்ந்தவர் யார் என்று கேட்டால் இந்தக் குடும்பங்கள்தான் முன்னே வரும். டொலர், கென்ட் பண்ணைகளிலிருந்து 1984 இல் துரத்தப்பட்டவர்களையும், 2009 இல் எல்லாவற்றையும் விட்டு வந்தவர்களையும் நினைத்துப் பாருங்கள். தனியாக எண்ணப்படாதவர்களுக்குத் தனியான தேவை இருப்பது மேசைக்கு அப்பால் இருப்பவருக்குத் தெரியாது.

யுத்தத்தால் 1991 இல் எடுக்க வேண்டிய குடிசன மதிப்பு நடக்கவே இல்லை. 2001 இல் பதினெட்டு மாவட்டங்களில் மட்டுமே முழுமையாக எடுத்தார்கள். 2012 இல் முழு நாட்டையும் எண்ணியபோது இந்தியத் தமிழர் 8,39,504 பேர், நூற்றுக்கு நான்கு. 2024 இல் நிரலின் பெயரோடு "மலையகத் தமிழர்" என்பதும் சேர்ந்தது. வீதமோ 2.8 ஆகக் குறைந்தது. கப்பல் நின்று நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டன, 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்ற நிலையும் தீர்ந்தது. ஆகவே இந்தக் குறைவைக் கண்டு "நம் சனம் அழிகிறது" என்று பதறுவதற்கு முன், பிறப்பு எவ்வளவு, வெளிநாட்டுக்குப் போனவர் எவ்வளவு, நிரல் மாறியவர் எவ்வளவு என்று பிரித்துக் கேட்க வேண்டும்.

இடம்பெயர்ந்தவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. குடிசனம் எண்ணுவதில் இரண்டு முறைகள் இருக்கின்றன. குறித்த ஓர் இரவில் எங்கே இருந்தீர்களோ அங்கே எண்ணுவது ஒன்று. வழக்கமாக எங்கே வசிக்கிறீர்களோ அங்கே எண்ணுவது மற்றது. இரண்டாவது முறையில், ஓரிடத்தில் பல மாதங்கள் தங்கிவிட்டவரை அவ்விடத்தவராகவே எழுதிவிடலாம். பத்து ஆண்டு முகாமில் இருந்தவர் சொந்த ஊரின் தொகையில் இல்லை, அவ்வூர் ஆளில்லாத ஊராகத் தெரியும். எனவே எண்ண வருபவர் பிறந்த மாவட்டம், முன்பு வசித்த இடம், இங்கு வந்த காரணம் முதலியவற்றைக் கேட்டால் "எல்லாம் இங்கேதான்" என்று சுருக்கிவிடாதீர்கள். குடிசன மதிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி தனி ஆளின் விவரத்தை வெளியிட முடியாது. இன நிரலில் எதைச் சொல்வது என்பது உங்கள் விருப்பம், எண்ணுபவர் தாமாக எழுத இடம் கொடுக்க வேண்டாம். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, எந்த ஊர் வழியாக வந்தோம் என்பதை ஒரு கொப்பியில் எழுதி, பிறப்புச் சான்றிதழ்களோடு பொலித்தீன் பையில் வையுங்கள். அப்பாயி சொல்லி நான் எழுதிய அந்தப் பத்துக் காம்பராக் கணக்கு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆறாவது காம்பராக் குடும்பத்தின் பேரன் ஒருவர், காணி அலுவலுக்காக, அதன் பிரதி ஒன்றை அண்மையில் கேட்டு வாங்கிப் போனார்.