பளபளக்கும் தரையா, பாதுகாப்பான தரையா?
குளியலறையைத் திருத்தியமைக்கும் முன்னர் இல்லத்தரசிகள் கவனிக்க வேண்டியவை

வீட்டைத் திருத்துவதென்று முடிவெடுத்ததும் பலர் முதலில் கைவைப்பது குளியலறையில்தான். சேமிப்புப் பணம், சீட்டுக் காசு, வெளிநாட்டிலுள்ள பிள்ளை அனுப்பியது என்று எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு டைல்ஸ் கடைக்குப் போகிறோம். கடையின் வெளிச்சத்தில் கண்ணாடிபோல் மின்னும் டைல் ஒன்று மனதைக் கவர்ந்துவிடுகிறது. நிறம் பார்க்கிறோம், விலை பேசுகிறோம், வீட்டுக்குக் கொண்டுவந்து பதித்தும் விடுகிறோம். அந்தத் தரையில் ஈரக் காலோடு நடக்கப்போவது யார் என்ற கேள்வியை மட்டும் கேட்க மறந்துவிடுகிறோம்.

இரண்டு தலைமுறைக்கு முன்னர் நம்மில் பெரும்பாலோர் கிணற்றடியில் குளித்தவர்கள். அங்கே இருந்தது சொரசொரப்பான சீமெந்துக் கட்டு. பாசி பிடிக்காமல் தேய்த்து வைத்திருந்தால் அது காலைப் பிடித்துக்கொள்ளும். இன்று குளியலறை வீட்டுக்குள் வந்துவிட்டது. வசதி கூடியிருக்கிறது; கூடவே சறுக்கி விழும் ஆபத்தும் உள்ளே வந்துவிட்டது.

விழுதல் சிறிய விடயமல்ல

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் ஏறத்தாழ 684,000 பேர் விழுவதனால் உயிரிழக்கின்றனர். தற்செயலான காயங்களினால் ஏற்படும் மரணங்களில் வீதி விபத்துக்கு அடுத்த இடத்தில் இருப்பது இதுவே. இவ்வாறு உயிரிழப்போரில் 60 வயதைத் தாண்டியவர்களே அதிகம்.

மாதவிடாய் நின்ற பின்னர் பெண்களின் எலும்பு விரைவாக அடர்த்தி குறைந்து மெலிகிறது. எனவே, இளம் பெண்ணுக்கு ஒரு சிராய்ப்போடு போகும் விழுகை, 70 வயதுத் தாய்க்கு இடுப்பெலும்பு முறிவாக மாறலாம். அதற்குப் பின் சத்திரசிகிச்சை, படுக்கை, பிறர் கையை எதிர்பார்க்கும் வாழ்வு. அந்தத் தாயைப் பராமரிக்கும் பொறுப்பும் பெரும்பாலும் மகளின் அல்லது மருமகளின் தோளிலேயே விழுகிறது. கர்ப்பிணிகள், ஓடித்திரியும் சிறு பிள்ளைகள், கண்புரை உள்ளவர்கள் ஆகியோரையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆகவே, குளியலறைத் தரையைத் தெரிவுசெய்யும்போது வீட்டிலுள்ள மிகவும் பலவீனமான காலை நினைத்தே தெரிவுசெய்ய வேண்டும்.

சுவருக்குரியது வேறு, தரைக்குரியது வேறு

டைல்கள் எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் சுவருக்கும் தரைக்கும் வெவ்வேறாகவே தயாரிக்கப்படுகின்றன. சுவர் டைல் மெல்லியது; நுண்துளைகள் நிறைந்தது; தன் எடையில் 10 சதவீதத்துக்கும் கூடுதலாக நீரை உறிஞ்சக்கூடியது. அதைத் தரையில் பதித்தால் வெடிக்கும், தேயும், ஈரத்தில் வழுக்கும். மலிவாகக் கிடைக்கிறது, மீதமாகக் கிடக்கிறது என்பதற்காகச் சுவர் டைலைத் தரைக்குப் பயன்படுத்தவே கூடாது.

தரைக்குரியவற்றில் செரமிக், போர்சிலேன் என இரு வகைகள் கடைகளில் கிடைக்கும். போர்சிலேன் அதிக வெப்பத்தில் சுடப்படுவதால் இறுக்கமானது. அது உறிஞ்சும் நீர் 0.5 சதவீதமோ அதைவிடக் குறைவோதான். எப்போதும் ஈரமாக இருக்கும் குளியலறைக்கு இது மிகவும் ஏற்றது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீரை உறிஞ்சாத டைலைச் சாதாரண சீமெந்துப் பாலில் வைத்தால் சரியாகப் பிடிக்காது. பைகளில் விற்கப்படும் டைல் ஒட்டுக் கலவையைக் கொண்டே பதிக்க வேண்டும். மேசன் "சீமெந்தே போதும்" என்று சொன்னாலும் நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

வழுக்குமா என்று எப்படி அறிவது?

தரமான டைல் பெட்டிகளிலும் விபரப் பட்டியல்களிலும் வழுக்குத் தடையின் அளவு குறிக்கப்பட்டிருக்கும். ஜேர்மனியில் உருவான முறைப்படி ஆர் 9 முதல் ஆர் 13 வரை ஒரு வரிசை உண்டு. எண் கூடக் கூட பிடிப்பும் கூடும். இது சப்பாத்துக் காலுக்கான சோதனை. வெறுங்காலுக்கு ஏ, பீ, சீ என வேறொரு வரிசை உண்டு. அதில் 'பீ' தரமே குளிக்கும் இடங்களுக்குரியது. ஆர் 9 என்பது வரிசையின் மிகத் தாழ்ந்த படி. உலர்ந்த அறைக்குப் போதுமானது. குளியலறைக்கு ஆர் 10, நீர் நேரடியாக விழும் இடத்துக்கு ஆர் 11 என்று கேட்டு வாங்குங்கள்.

கடைக்காரருக்கு இந்த விபரம் தெரியாவிட்டால் ஒரு மாதிரி டைலை வாங்கி வந்து வீட்டிலேயே சோதிக்கலாம். அதை அசையாதவாறு தரையில் வைத்து, சவர்க்காரம் கரைத்த நீரை ஊற்றுங்கள். கதிரையில் இருந்தபடியே வெறும் பாதத்தை அதன்மேல் வைத்து முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். கால் இலகுவாகச் சறுக்கினால் அந்த டைல் சுவருக்கே போகட்டும்.

பளபளப்பற்ற, 'மட்' என்று சொல்லப்படும் மேற்பரப்பே தரைக்கு உகந்தது. அளவும் முக்கியம். இன்று இரண்டடிக்கு இரண்டடிப் பெரிய டைல்களே நவநாகரிகமாகக் கருதப்படுகின்றன. குளிக்கும் பகுதிக்கோ சிறிய டைல்களே நல்லவை. சிறிய டைல் என்றால் இடைவெளிக் கோடுகள் அதிகம். ஒவ்வொரு கோடும் காலுக்கு ஒரு பிடி. நீர் வடியும் துளையை நோக்கித் தரையைச் சரிவாக அமைப்பதும் சிறிய டைலில்தான் இலகு.

அதேவேளை, அளவுக்கு மீறிய சொரசொரப்பும் தொல்லையே. அழுக்கும் சவர்க்காரமும் அதில் தங்கும். தேய்த்துத் தேய்த்துக் களைப்பதும் நாம்தான். கையால் தடவிப் பார்க்கும்போது மெல்லிய மணல்போல் உணரப்படுவதே நடுத்தரமானது.

நிறத்தைத் தெரிவுசெய்யும் முன்னர் கிணற்று நீரைப் பாருங்கள்

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கற்பாறையின் மீது அமைந்திருப்பதால் அங்குள்ள நிலத்தடி நீர் கடினமானது. புத்தளத்தின் சில பகுதிகளிலும் இதே நிலைதான். நீர் உலர்ந்ததும் வெண்ணிறப் படிவு எஞ்சும். கறுப்பு, கடும் நீலம் போன்ற டைல்களில் அது உடனே தெரியும். நீரில் இரும்புச் சத்து கூடிய இடங்களில் தூய வெள்ளை டைல் சில மாதங்களிலேயே செம்மை படரும். மணல் நிறம், இளஞ்சாம்பல் போன்ற நடுத்தர நிறங்களே இரண்டுக்கும் ஈடுகொடுக்கும்.

பார்வை குறைந்த பெரியவர்கள் இருக்கும் வீட்டில் தரை, சுவர், கொமட் மூன்றும் ஒரே வெள்ளையாக இருக்கக் கூடாது. எது எங்கே முடிகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. தரை சற்றுக் கடும் நிறமாக இருந்தால் வெள்ளைக் கொமட் தெளிவாகத் தெரியும்.

கண்ணுக்குத் தெரியாத வேலைகள்

நல்ல டைல் வாங்கினாலும் அதன் கீழுள்ள வேலை பிழைத்தால் பணம் வீண். முதலாவது, நீர்க்காப்பு. தரையிலும் சுவரின் அடிப்பகுதியிலும் நீர் கசியாத பூச்சைப் பூசி, அது காய்ந்ததும் வடிதுளையை அடைத்து 24 மணித்தியாலம் நீரைத் தேக்கிப் பார்க்க வேண்டும். மேல்மாடிக் குளியலறையாயின் கீழ் அறையின் கூரைத்தட்டு நனைகிறதா என்று பாருங்கள். இந்த ஒரு நாளைச் சேமிக்கப் போய், பின்னர் முழுத் தரையையும் உடைக்க நேர்ந்த வீடுகள் பல.

இரண்டாவது, வாட்டம். வடிதுளையை நோக்கி ஓரடிக்கு கால் அங்குலம் வீதம் தரை இறங்க வேண்டும். நான்கடித் தூரத்துக்கு ஓர் அங்குலம் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்து மேசனுக்குக் கூலி கொடுக்கும் முன்னர் ஒரு வாளி நீரை ஊற்றிப் பாருங்கள். எங்கே நீர் தேங்குகிறதோ அங்கேதான் நாளை பாசி பிடிக்கும். அங்கேதான் கால் சறுக்கும். ஒவ்வொரு டைலையும் நாணயத்தால் தட்டிப் பார்ப்பதும் நல்லது. வெற்றொலி கேட்டால் அடியில் கலவை நிரம்பவில்லை என்று பொருள்.

மூன்றாவது, கணக்கு. 6 அடிக்கு 8 அடித் தரை 48 சதுர அடி. 30 சென்ரிமீற்றர் சதுர டைலாயின் ஏறத்தாழ 50 தேவை. வெட்டும்போது வீணாவதற்காக 10 சதவீதம் கூட்டி 55 வாங்க வேண்டும். பெட்டிகளின் தொகுதி இலக்கம் ஒன்றாக இருக்கட்டும். தொகுதி மாறினால் நிறமும் சற்று மாறும். நான்கைந்து டைல்களை எடுத்து வையுங்கள். சில வருடங்களின் பின் ஒன்று உடைந்தால் அதே டைலைக் கடையில் தேடிப் பிடிப்பது கடினம்.

அசிட் போத்தலிடம் எச்சரிக்கை

டைலில் கறை கண்டதும் அசிட் ஊற்றும் பழக்கம் நம் வீடுகளில் பரவலாக உள்ளது. அது கறையோடு சேர்த்து டைல்களுக்கு இடையிலுள்ள சீமெந்துப் பூச்சையும் அரிக்கும். பூச்சு அரிபட்டால் நீர் கீழே இறங்கும். அதைவிட முக்கியமானது: அசிட்டையும் வெளிற்றும் திரவத்தையும் ஒருபோதும் சேர்த்துப் பயன்படுத்தக் கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் என்ற நச்சுவாயு வெளிப்படும். யன்னல் மூடிய சிறிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. குளித்து முடிந்ததும் நீரை வழித்துவிட்டு, கதவையும் யன்னலையும் திறந்து தரையை உலரவிடுவதே மிகச் சிறந்த பராமரிப்பு.

சூடேற்றும் தரை எமக்குத் தேவையா?

லண்டனுக்கோ டொரன்டோவுக்கோ பிள்ளைகளைப் பார்க்கப் போய்வந்த தாய்மார் சிலர், "அங்கே குளியலறைத் தரை இளஞ்சூடாக இருக்கிறது" என்று வியந்து பேசுவார்கள். இது புதிய யோசனையல்ல. ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்னரே உரோமர்கள் தமது பொதுக் குளியல் மண்டபங்களில் தரையைச் சிறு தூண்களின் மீது எழுப்பி, அதன் அடியில் சூடான காற்றைச் செலுத்தினார்கள். கொரிய மக்கள் அடுப்புப் புகையைக் கற்தரையின் கீழே ஓடவிட்டு வீட்டைச் சூடாக்கினார்கள். 'ஒண்டொல்' என்பது அதன் பெயர்.

இன்று இரண்டு முறைகள் உண்டு. ஒன்று தரைக்கடியில் சுடுநீர்க் குழாய்; மற்றது மின்கம்பி பின்னிய மெல்லிய விரிப்பு. ஒரு குளியலறையை மட்டும் திருத்துவோர் பெரும்பாலும் மின்விரிப்பையே இடுகின்றனர். அது சதுர மீற்றருக்குப் பொதுவாக 150 வொட் மின்சாரம் எடுக்கும். மூன்று சதுர மீற்றருக்கு 450 வொட். நாளுக்கு மூன்று மணித்தியாலம் போட்டால் மாதம் ஏறத்தாழ 40 அலகுகள். எமது நாட்டில் மின்கட்டணம் படிமுறையாக ஏறுவதால் இந்த 40 அலகு முழுப் பட்டியலையும் மேல்படிக்குத் தள்ளிவிடக்கூடும்.

கொழும்பிலும் மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் இதற்குத் தேவையே இல்லை. ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தை, மாசி மாத அதிகாலைகளில் உறைபனி விழுவதுண்டு. அங்கே கூட இது ஆடம்பரமே. டைல் குளிர்வது ஏன் தெரியுமா? அதே அறையிலுள்ள பலகையின் வெப்பநிலைதான் டைலுக்கும். ஆனால் டைல் காலின் சூட்டை விரைவாக உறிஞ்சிக்கொள்கிறது. எனவே அடியில் இறப்பர் பிடிப்புள்ள விரிப்பு ஒன்றைப் போட்டாலே பாதிக் குளிர் போய்விடும். ஈரமான விரிப்பை மட்டும் அன்றாடம் எடுத்துக் காயவைக்க வேண்டும்.

குளிர்நாட்டில் வாழும் உறவினர் இதை இடுவதாயின் அவர்களுக்கு நான்கு விடயங்களைச் சொல்லுங்கள். விரிப்பின் அடியில் வெப்பம் கீழே இறங்காதபடி காப்புப் பலகை இருக்க வேண்டும். கொமட், அலுமாரி போன்ற நிலையான பொருட்களின் கீழ் கம்பி போகக் கூடாது. மின்கசிவு 30 மில்லி அம்பியரை எட்டும் முன்னரே துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் கட்டாயம். வேலையைத் தகுதிபெற்ற மின்னியலாளரே செய்ய வேண்டும். குளியலறைத் தரையின் சூடு 33 பாகை செல்சியஸைத் தாண்டக் கூடாது. நீரிழிவினால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் இருந்தால் அதைவிடவும் குறைத்து வைப்பது நல்லது. தரை விரைவாக உலர்வதால் சறுக்குவது குறையும் என்பது இதிலுள்ள உண்மையான நன்மை.

அந்தப் பணத்தில் இவற்றைச் செய்யலாம்

எமது வீடுகளில் அதே பணத்தைப் பிடிகம்பிகளுக்குச் செலவிடுவது எவ்வளவோ மேல். கொமட்டின் அருகிலும் குளிக்கும் இடத்திலும் தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரத்தில் கம்பிகளைப் பொருத்துங்கள். கம்பிக்கும் சுவருக்கும் இடையில் ஒன்றரை அங்குல இடைவெளி இருக்கட்டும். டைலில் மட்டும் ஒட்டிநிற்காமல் சுவரின் உறுதியான பகுதிக்குள் ஆணி இறங்க வேண்டும். ஆகையால் டைல் பதிக்கும் முன்னரே இடத்தை மேசனிடம் காட்டிவிடுங்கள். துவாய் தொங்கும் கம்பி பிடிகம்பியாகாது. ஆளின் பாரத்தை அது தாங்காது.

கதவு வெளிப்புறமாகத் திறந்தால் நல்லது. உள்ளே ஒருவர் கதவோடு சாய்ந்து விழுந்துவிட்டால் உட்புறம் திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது. வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய பூட்டு, இரவில் எரியும் சிறு விளக்கு, இருந்து குளிக்க ஓர் உறுதியான கதிரை ஆகியவை பெருஞ்செலவு பிடிப்பவையல்ல.

குளியலறையைப் பார்த்து விருந்தினர் புகழ்வது ஒரு நாள். அதில் நம் தாயும் மாமியும் பிள்ளையும் கால் வைப்பது ஒவ்வொரு நாளும். ஆகவே அடுத்த முறை டைல்ஸ் கடைக்குப் போகும்போது வீட்டிலுள்ள பெரியவரையும் கூட்டிச் செல்லுங்கள். நிறத்தை நீங்கள் தெரிவுசெய்யுங்கள். தரையை அவருடைய பாதம் தெரிவுசெய்யட்டும்.