"நம்ம கையில காசு தங்காது": இந்த நம்பிக்கையை மாத்துறது எப்படி?



நான் ஒரு சி.ஏ. ஊரார் கணக்கையெல்லாம் பார்ப்பேன். ஆனா முப்பது வயசு வரைக்கும் என் சொந்த பேங்க் ஸ்டேட்மென்ட்டைத் திறக்கவே பயம்.

தாமிரபரணி கடல்ல சேர்ற புன்னக்காயல்ல வளர்ந்தவன் நான். மீன்பாடு இல்லாத மாசங்கள்ல வட்டிக்காரர் வாசல்ல நின்னு சத்தம் போடுவார். அவர் போனதும் அம்மா சொல்வாங்க: "கடல் காசு கையில தங்காதுப்பா." அந்த அவமானமும் அந்த வார்த்தையும் எனக்குள்ள தங்கிடுச்சு.

அது உண்மையா? மீனவர் சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டத்தைப் பாருங்க. மீனவர் கொஞ்சம் கொஞ்சமா 1,500 ரூபாய் கட்டுறார். மத்திய, மாநில அரசுகள் 3,000 சேர்க்க, மீன்பாடு குறைஞ்ச காலத்துல 4,500 கைக்கு வருது. அதுவும் கடல் காசுதான். போட்டு வைக்க ஒரு இடம் இருந்தா தங்குது!

நீங்க செய்ய வேண்டியது மூணு:

1. உங்களைத் தடுக்கிற வாக்கியத்தை அப்படியே எழுதுங்க.

2. யார், எந்த நிலைமையில சொன்னாங்கன்னு பக்கத்துல எழுதுங்க. அம்மா பொய் சொல்லலை. அன்னைக்கு அவங்க நிலைமை அது.

3. "இனிமே சேமிப்பேன்"னு பொத்தாம்பொதுவா சொல்லாதீங்க. "இது நடந்தா, இதைச் செய்வேன்"னு எழுதுங்க. உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-ல விளக்கின முறை இது. என்னோடது: "சம்பளம் ஏறின அன்னைக்கே 3,000 ஆர்.டி.க்குப் போகும். ஞாயிறு காலை காபி குடிக்கும்போது ஸ்டேட்மென்ட் பார்ப்பேன்."

முதல் ஞாயிறு கை நடுங்குச்சு. இப்போ இல்லை.

காயம் ரொம்ப ஆழமா இருந்தா நோட்டு மட்டும் போதாது. டெலி மானஸ் 14416-க்கு கூப்பிடுங்க, இலவசம்.

உங்க வீட்ல சொன்ன வாக்கியம் எது? இன்னைக்கே எழுதிடுங்க.