நோயுற்றாலும் அவர் நம் பாடசாலைப் பிள்ளையே

சிறுவரிடையே கூடுதலாகக் காணப்படும் இரத்தப் புற்றுநோய்க்கு இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் சிகிச்சை தொடரும். வருடத்துக்கு மூன்று தவணை என்றால், ஆறு முதல் ஒன்பது தவணைகள். தலசீமியா கடுமையாகவுள்ள பிள்ளைக்கு இரண்டு தொடக்கம் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை குருதி ஏற்ற வேண்டும். “முதலில் சுகம் வரட்டும், படிப்பைப் பிறகு பார்ப்போம்” என்று பெற்றோர் சொல்வது இயல்பே. ஆனால் சுகமாகித் திரும்பும் பிள்ளை, தன்னிலும் சிறியவர்களோடு இருக்கக் கூச்சப்பட்டுப் பாடசாலையையே விட்டுவிடும் ஆபத்து உண்டு.

1991இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயம் சுகாதாரத்தையும் கல்வியையும் சேர்த்தே உரிமை என்கிறது. 2016 முதல் இங்கு 5 வயது தொடக்கம் 16 வயது வரை கல்வி கட்டாயம். நோய் இவ்வுரிமையைப் பறிப்பதில்லை.

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலோ தெல்லிப்பழையிலோ தங்கியிருக்கும் பிள்ளையை ஆசிரியர் போய்ப் பார்க்கலாம். மகரகமவுக்கு அனுப்பப்பட்டால், தமிழில் படிக்கும் அப்பிள்ளைக்கு ஊர்ப் பாடசாலையே பெருந்துணை. வைத்தியரின் அனுமதியுடன், இயலும் நாட்களில் அரைமணி நேரம் வகுப்பாசிரியர் தொலைபேசியில் பாடம் சொல்லட்டும். சகமாணவர் குறிப்புகளைக் கொப்பியில் எழுதி அனுப்பட்டும். அதிபர் இடாப்பிலிருந்து பெயரை வெட்டாதிருக்கட்டும்.

உங்கள் கிராமத்தில் நெடுநாளாகப் பாடசாலைக்கு வராத பிள்ளை யார்? இந்தத் தவணையே விசாரியுங்கள்.