சுவரில் ஒரு கொல்லைப்புறம்

தோழியரே, நம் பாட்டி வீட்டுக் கொல்லைப்புறத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள்! குளியலறைத் தண்ணீர் வழிந்தோடும் இடத்தில் வாழையோ, கல்வாழையோ, சேம்போ செழித்து நிற்கும். அவற்றிற்கென்று யாரும் ஒரு குடம் நீர் சுமந்ததில்லை. ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் தொழிற்சாலைகள் பெருகி, அடுக்குமாடி வீடுகள் எழுந்தபின் கொல்லைப்புறம் மறைந்து வருகிறது. குளித்த நீர் சாக்கடைக்குப் போகிறது. மாடியிலுள்ள ரோஜாத் தொட்டிக்கோ நாம் குடிநீரை ஊற்றுகிறோம்!

2019-ஆம் ஆண்டுக் கோடையில் நமக்கு அண்மையிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரி வறண்டதைப் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். லாரித் தண்ணீருக்குக் குடத்துடன் காத்து நின்றவர்கள் நம் அம்மாக்கள் அல்லவா? நகரத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர் வேண்டும் என்பது நம் நாட்டுக் கணக்கு. அதில் குளிக்க 55, துணி துவைக்க 20. பாதிக்குமேல் இவ்விரண்டிற்கே போய்விடுகிறது.

தரை இல்லாவிட்டால் என்ன, சுவர் இருக்கிறதே! புனே நகரில் மகாராஷ்டிர ஜீவன் பிராதிகரண் என்னும் அரசு நிறுவனத்தின் அலுவலகத்தில் இதைச் சோதித்தார்கள். அதன் முடிவுகள் 2016-இல் வெளிவந்தன. சுவரில் தொட்டிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அமைத்து, அழுக்கு நீரை மேலிருந்து விட்டார்கள். தொட்டியில் மண்ணுக்குப் பதிலாகச் சுட்ட களிமண் உருண்டைகள். ஆனால் நீர் நில்லாமல் ஓடிவிட்டது. சிலவற்றில் மணலையும் சிலவற்றில் தேங்காய் நாரையும் கலந்தபோது நீர் மெல்ல இறங்கியது, நன்றாகத் தெளிந்தது. நம் ஊரில் தேங்காய் நாருக்கா பஞ்சம்!

மெல்ல இறங்குவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அழுக்கைத் தின்பவை நாரிலும் மணலிலும் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள். அவற்றிற்குக் காற்றும் வேண்டும், அவகாசமும் வேண்டும். அவை சிதைத்துத் தருவதை வேர்கள் உரமாக உறிஞ்சிக்கொள்ளும்.

சில எச்சரிக்கைகள் உண்டு. கழிப்பறை நீர் கூடவே கூடாது. மயிரும் நூலும் அடைக்காதபடி துணியால் வடிகட்ட வேண்டும். பிளீச்சிங் பவுடர் கலந்த நீர் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். சலவைத்தூளின் சோடியம் சேரச் சேரச் செடி வாடும். ஆதலால் இடையிடையே நல்ல நீர் விட வேண்டும். அழுக்கு நீரை ஒரு நாளுக்குமேல் தேக்கினால் நாற்றமும் கொசுவும்தான் மிஞ்சும். பச்சையாக உண்ணும் கீரையை இதில் வளர்க்கலாகாது.

இது பிள்ளை விளையாட்டு என்று நகைப்போருக்கு ஒரு செய்தி: சென்னைக் கோயம்பேட்டில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைத் தூய்மையாக்கும் நிலையம் 2019-இல் அமைந்தது. அந்த நீர் குழாய் வழியே நம் ஒரகடத் தொழிற்சாலைகளுக்கே வருகிறது!

நம் விடுதியில் துவைகல்லின் பின்னாலுள்ள மேற்குச் சுவர் பிற்பகலில் தொட முடியாமல் கொதிக்கும். அங்கே எட்டுத் தொட்டிகள் வைக்க மதரிடம் அனுமதி கேட்டிருக்கிறோம். கல்வாழைக் கிழங்கு தரக்கூடிய பெற்றோர் விடுதி சிஸ்டரிடம் தெரிவிக்கலாம்.